வெள்ளிப் பாத்திரமும் சிங்க முத்திரையும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் பணத்தைப் 'பத்து வெள்ளி', 'இருபது வெள்ளி' என்றே எண்ணிப் பழகியவர்கள். கையிலிருப்பது தாளாயினும் நிக்கல் கலந்த சில்லறையாயினும் அது வெள்ளிதான். தமிழகத்திலிருந்து புதிதாக வருவோர்க்கு இவ்வழக்கு வியப்பளிப்பதுண்டு. ஆயினும் இது வீண் வழக்கன்று. ஒரு காலத்தில் இந்நாட்டில் பணம் என்பது மெய்யாகவே வெள்ளியாக இருந்தது. கடல்வழி வந்த ஸ்பானிய வெள்ளிக் காசுகள் இங்குள்ள துறைமுகங்களில் தாராளமாகப் புழங்கின. மலாய் மொழியில் 'ரிங்கிட்' என்னும் சொல் பல்வெட்டுடையது என்று பொருள்படும். அப்பழைய காசின் விளிம்பிலிருந்த வெட்டே நாணயத்தின் பெயராயிற்று என்பர். பிறகு 1903இல் நீரிணைக் குடியேற்ற அரசு பம்பாய் அக்கசாலையில் தனக்கென ஒரு டாலரை அடித்து வரவழைத்தது. அது 26.95 கிராம் எடையும், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளியும் உடையதாயிருந்தது. நான்கே ஆண்டுகளில், 1907இல், அதன் எடை 20.21 கிராமாகக் குறைக்கப்பட்டது. காரணம் எளியது. உலகச் சந்தையில் வெள்ளியின் விலை உயர்ந்து, காசாகச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பதே ஆதாயம் என்னும் நிலை தோன்றிவிட்டது. உருக்கு விலை முகவிலையைத் தாண்டிய காசு கடைத்தெருவில் நில்லாது, உலைக்களத்துக்கே ஓடும்.

காசுக்குள்ள இந்த விதி பாத்திரத்துக்கும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தோட்டத் துரைமாரின் பங்களாக்களிலும் அவர்தம் கிளப்புகளிலும் தேநீர்க் கெண்டிகள், கரண்டிகள், முள்கரண்டிகள், மெழுகுவத்தித் தண்டுகள் எனப் பளபளக்கும் சாமான்கள் இருந்தன. துரைமார் ஊர் திரும்பியபோது அவற்றுட் பல ஏலத்திலும் பழம்பொருட் கடைகளிலும் கைமாறின. அத்தகைய சாமான் ஒன்று ஒருவர் கைக்கு வந்தால் அவர் மனத்தில் எழும் கேள்விகள் மூன்று. இது வெள்ளியா, வெள்ளி பூசியதா? உருக்கினால் என்ன தேறும்? உருக்கலாமா? இம்மூன்றுக்கும் விடை பாத்திரத்தின் அடிப்புறத்திலேயே, பயற்றளவான சில முத்திரைகளில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க ஆங்கில நாட்டின் எழுநூறு ஆண்டு வரலாறு சிறிது தெரிந்திருக்க வேண்டும்.

தூய வெள்ளி மிக மென்மையானது. அதில் கரண்டி செய்தால் வளையும். காசு அடித்தால் தேயும். ஆகவே செம்பு கலப்பர். எவ்வளவு கலக்கலாம் என்பதுதான் வழக்கு. பன்னிரண்டு அவுன்சு கொண்ட ஒரு பவுண்டு உலோகத்தில் 11 அவுன்சு 2 பென்னிவெயிட் வெள்ளி, எஞ்சிய 18 பென்னிவெயிட் செம்பு என்பது ஆங்கிலேயர் தம் காசுக்கு வகுத்த அளவு. அவுன்சு ஒன்றுக்கு 20 பென்னிவெயிட் என்பதை நினைவிற்கொண்டு கணக்கிட்டால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளியாகும். 'ஸ்டெர்லிங்' என்று பெயர்பெற்ற தரம் இதுவே. 1300ஆம் ஆண்டு முதலாம் எட்வர்டு மன்னர் இயற்றிய சட்டம், பொற்கொல்லர் செய்யும் வெள்ளிப் பாத்திரமும் காசின் தரத்துக்குக் குறையலாகாது என்றும், கைவினைச் சங்கத்துக் காவலர் சோதித்துச் சிறுத்தை முகத்தை அதில் பொறிக்க வேண்டும் என்றும் விதித்தது.

மன்னருக்குப் பாத்திரத்தில் ஏன் இத்தனை அக்கறை? வீட்டில் உண்போரின் நலங்கருதி அன்று. அக்காலத்தில் வங்கி இல்லை. செல்வர் தம் மிச்சப் பணத்தைத் தட்டாகவும் கிண்ணமாகவும் அடித்து வைத்திருந்தனர். பணமுடை வந்தபோது உருக்கிக் காசாக்கினர். இன்றைய காசு நாளைய கிண்ணம். நாளைய கிண்ணம் மறுநாள் காசு. ஒன்றில் கலப்படம் புகுந்தால் மற்றதும் கெடும். பாத்திர முத்திரை காசைக் காக்கப் பிறந்தது என்பதை மறவாதிருந்தால், பின்னர் வந்த விதிகளெல்லாம் தாமே விளங்கும்.

மாற்றுப் பார்க்கும் கலை நம்மவர்க்குப் புதிதன்று. சங்கப் புலவர் சிலர் பெயரில் 'வண்ணக்கன்' என்னும் அடை வருகிறது; வடமவண்ணக்கன் தாமோதரனார் என்பது ஒன்று. நாணய நோட்டம் பார்ப்பவர் என்று இதற்கு அறிஞர் பொருள் கூறுவர். உரைகல்லும் கூரிய கண்ணும் அவர் கருவிகள். ஆனால் வண்ணக்கர் தீர்ப்பு அவர் வாயோடு நின்றது. அவரை அறியாத ஊரில் அந்தப் பொன்னை மறுபடியும் உரைக்க வேண்டும். இங்கிலாந்தில் தீர்ப்பை உலோகத்தின் மேலேயே பொறித்துவிட்டார்கள். வேறு ஊரில், வேறு நூற்றாண்டில், முன்பின் அறியாதவர் அதைப் படிக்க முடிகிறது. வேற்றுமை இவ்வளவே, ஆனால் பெரிய வேற்றுமை.

1363இல் செய்தவர் குறியும் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. தரம் குறைந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காக. 1478இல் லண்டன் பொற்கொல்லர் சங்கம் சம்பளத்துக்கு ஒரு சோதனையாளரை அமர்த்தியது. கைவினைஞர் தம் சாமானைச் சங்க மண்டபத்துக்கே கொண்டுவர வேண்டும் என்றாயிற்று. மண்டபத்தை ஆங்கிலத்தில் 'ஹால்' என்பர். 'ஹால்மார்க்' என்னும் சொல்லின் பிறப்பிடம் அம்மண்டபமே. அதே ஆண்டில் ஆண்டெழுத்தும் சேர்ந்தது. ஆண்டுக்கோர் எழுத்து, லண்டனில் இருபது எழுத்து முடிந்ததும் எழுத்தின் வடிவும் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவும் மாறி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இன்று பழம்பொருள் சேர்ப்போர் இவ்வெழுத்தைக் கண்டு மகிழ்கின்றனர். பொருளின் வயது ஆண்டுக் கணக்காகத் தெரிந்துவிடுகிறதல்லவா? ஆனால் அவர்களுக்காக அது ஏற்படவில்லை. அவ்வாண்டு பதவியிலிருந்த சோதனையாளர் யார் என்று காட்டவே ஏற்பட்டது. செய்தவனுக்கு ஒரு குறி, சோதித்தவனுக்கு ஒரு குறி. இருவரும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

சோதனை எவ்வாறு நடந்தது? பாத்திரத்தின் ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் சிறிது சுரண்டி எடுப்பர். அத்தூளை நிறுத்து, ஈயத்தகட்டில் பொதிந்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து உலையிலிடுவர். ஈயம் உருகிச் செம்பையும் தன்னோடு இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிப்போகும். வெள்ளி மட்டும் மணிபோல் திரண்டு நிற்கும். அம்மணியை மீண்டும் நிறுத்தால் குறைந்த எடையே கலப்பு. புடமிட்டுப் பார்த்தல் என்று நம்மவர் சொல்வது இதைத்தான். தேறாத பாத்திரத்தை அங்கேயே நசுக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவர். இன்று ஊடுகதிர்க் கருவி சில நொடிகளில் விடை கூறுகிறது. பொருளைச் சுரண்டவும் வேண்டியதில்லை.

இவ்வளவு காவலையும் உடைத்தவர் ஒரு மன்னரே என்பது வேடிக்கை. எட்டாம் ஹென்றி தம் போர்ச் செலவுக்காக 1544 முதல் காசில் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போனார். மன்னரின் முகம் நேர்நோக்கிப் பொறிக்கப்பட்டிருந்ததால் காசு தேயத் தேய முதலில் மூக்கின் மேலிருந்த வெள்ளிப் பூச்சு கழன்று உள்ளிருந்த செம்பு சிவந்து தோன்றிற்று. மக்கள் அவருக்குச் 'செப்பு மூக்கர்' என்று பெயர் சூட்டினர். தமிழில் நாணயம் என்னும் ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிக்கும். ஹென்றி இரண்டையும் ஒருசேர இழந்தார். அந்த 1544இல்தான், ஒரு முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கத்தின் உருவம் பாத்திர முத்திரைகளோடு சேர்ந்தது. காசு கெட்டது, பாத்திரம் கெடவில்லை என்று உலகுக்கு உரைப்பது போல அச்சிங்கம் அன்று முதல் ஸ்டெர்லிங் தரத்தின் அடையாளமாகிவிட்டது. பழைய சாமானைக் கையில் எடுப்பவர் முதலில் தேட வேண்டியது இந்தச் சிங்கத்தையே.

ஹென்றியின் மூக்கு கற்பிக்கும் பாடம் இன்னொன்றும் உண்டு. பூச்சு வேலை எப்போதும் புடைத்த இடத்தில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். கரண்டியின் அடிவயிறு, கெண்டியின் மூக்கு, தட்டின் விளிம்பு ஆகிய இவற்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் போதும்.

நிற்க. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் நோய் தலைகீழாக வந்தது. காசின் விளிம்பை வெட்டியெடுத்து அவ்வெள்ளியைப் பொற்கொல்லரிடம் விற்பது ஒரு பெருந்தொழிலாயிற்று. அது அரசத்துரோகம், தண்டனை மரணம் என்றிருந்தும் நிற்கவில்லை. 1696இல் நாட்டின் வெள்ளிக் காசு முழுவதையும் திரும்பப் பெற்று மறுபடி அடிக்கத் தொடங்கினார்கள். அவ்வாண்டில் அக்கசாலைக் காவலராக வந்து அப்பணியில் முனைந்தவர் ஐசக் நியூட்டன். புதுக்காசையும் உருக்கிப் பாத்திரமாக்கிவிடக் கூடாதே என்னும் அச்சத்தால் 1697இல் பாத்திரத்தின் தரம் ஆயிரத்துக்கு 958 பங்கு என்று உயர்த்தப்பட்டது. காசை அப்படியே உருக்கினால் பாத்திரத்துக்குத் தரம் போதாது அல்லவா? சிங்கத்துக்கு மாறாக, அமர்ந்த நிலையிலுள்ள பிரித்தானியா என்னும் பெண்ணுருவும், கழுத்தோடு அறுத்த சிங்கத் தலையும் பொறிக்கப்பட்டன. 1720இல் பழைய தரம் திரும்பியது. எனினும் உயர்தரத்தில் செய்ய விரும்புவோர்க்கு இன்றுவரை தடையில்லை. பெண்ணுரு கண்டால் உருக்குக் கணக்கில் மூன்று விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் வெள்ளி உண்டென்று கொள்ளலாம்.

1720இல் தரம் இறங்கியது, வரி ஏறியது. அவுன்சுக்கு ஆறு பென்னி. வரி வந்தால் ஏய்ப்பு வராதிருக்குமா? சிறிய தட்டு ஒன்றைச் செய்து சோதனைக்கு அனுப்பி, அதற்குரிய சிறு வரியைக் கட்டி, முத்திரையுள்ள துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிய கெண்டியின் அடியில் வைத்துப் பற்றாசு கொண்டு ஒட்டிவிடுவார்கள். இங்கிலாந்தின் தலைசிறந்த வெள்ளிக் கொல்லர் என்று போற்றப்படும் பால் டி லாமெரியும் இந்த ஏய்ப்புக்குப் பேர்போனவரே. இத்தகைய பாத்திரத்தின் முத்திரை மெய். பாத்திரமும் பெரும்பாலும் நல்ல வெள்ளிதான். இரண்டையும் சேர்த்ததுதான் பொய். கண்டுபிடிக்கும் வழி எளிது. முத்திரையின் மேல் வாயால் ஆவி ஊத வேண்டும். ஆவி படியும் ஒரு கணத்தில், ஒட்டுப் போட்ட கோடு சதுரமாகவோ வட்டமாகவோ தோன்றி மறையும்.

முத்திரையைப் பொய்யாக அடித்தோரும் உளர். 1758 வாக்கில் அதற்கு மரண தண்டனை. 1773இல் அது பதினான்கு ஆண்டு நாடுகடத்தலாகத் தணிந்தது. ஒரு பயற்றளவுக் குறிக்காகத் தூக்குமரமா என்று தோன்றும். அந்தக் குறியும் காசின் மேலுள்ள மன்னர் தலையும் ஒரே குடும்பம் என்று அன்றைய அரசு கருதியதால் வந்த கடுமை அது. அக்குடும்ப உறவு 1797இல் வெளிப்படையாகவே தெரிந்தது. 1784 முதல் வரி கட்டியதற்கு அடையாளமாக மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தலையைப் பாத்திரங்களில் பொறித்து வந்தனர். 1797இல் வெள்ளிக் காசுக்குப் பஞ்சம் வந்தபோது இங்கிலாந்து வங்கி தன்னிடமிருந்த ஸ்பானிய டாலர்களை எடுத்து, பொற்கொல்லர் மண்டபத்தின் அந்த வரி முத்திரையையே ஸ்பானிய மன்னரின் கழுத்தில் அடித்துப் புழக்கத்தில் விட்டது. மன்னர் தலை இரண்டு சேர்ந்தும் ஒரு கிரவுன் பெறவில்லையே என்று லண்டன் மக்கள் நகைத்தனராம். மணிமுடிக்கும் ஐந்து ஷில்லிங் காசுக்கும் கிரவுன் என்பதே பெயர், இந்தக் காசின் மதிப்போ 4 ஷில்லிங் 9 பென்னி. மலாயாவில் 'வெள்ளி' என்று நம் முன்னோர் வழங்கியதும் அதே ஸ்பானியக் காசின் வழிவந்ததுதான்.

பாத்திரங்களில் மன்னர் தலை 1890 வரை தொடர்ந்தது. ஆகவே 1800க்கும் 1880க்கும் இடைப்பட்டதாக ஆண்டெழுத்துக் காட்டும் லண்டன் கெண்டியில் மன்னர் தலை இல்லையெனில் ஐயுறுதல் நன்று. அவ்வாறே லண்டன் சிறுத்தையின் தலையில் 1821 வரை மகுடம் உண்டு, பின்னர் இல்லை. மகுடமில்லாச் சிறுத்தையோடு 1750ஆம் ஆண்டின் எழுத்தும் சேர்ந்திருந்தால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. முத்திரைகளைத் தனித்தனியே நம்பக் கூடாது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். கல்வெட்டில் அரசன் பெயரையும் எழுத்தின் வடிவையும் ஒத்துப் பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

லண்டனுக்குச் சிறுத்தை போல மற்ற ஊர்களுக்கும் தனிக்குறி உண்டு. பர்மிங்காமுக்கும் ஷெபீல்டுக்கும் 1773இல் தான் சோதனைச்சாலை கிடைத்தது. பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெபீல்டுக்கு மகுடம். கடலே காணாத பர்மிங்காமுக்கு நங்கூரம் ஏன் என்றால், இரு ஊராரும் லண்டனில் கூடிப்பேசிய விடுதியின் பெயர் 'மகுடமும் நங்கூரமும்' என்பது கதை. 1975 முதல் ஷெபீல்டு மகுடத்தை விடுத்து ரோசாப்பூவைக் கொண்டது. எடின்பரோவுக்குக் கோட்டை. செஸ்டர் 1962இலும் கிளாஸ்கோ 1964இலும் மூடப்பட்டன.

ஷெபீல்டு என்றதும் வேறொரு கதை வருகிறது. பழைய சாமான் வாங்குவோர் பெரிதும் ஏமாறும் இடம் அதுவே. 1742 வாக்கில் அவ்வூர்க் கொல்லர் தாமஸ் பௌல்சோவர், செம்புக் கட்டியின் மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூடேற்றினால் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து, தகடாக அடித்தபோதும் பிரியாதிருப்பதைக் கண்டார். இரண்டு வெள்ளித் தகட்டுக்கு நடுவே செம்பை வைத்து ஒரு நூற்றாண்டுக் காலம் அழகிய பாத்திரங்களைச் செய்தனர். வெட்டிய விளிம்பில் செம்பு தெரியுமாதலால் அங்கே வெள்ளிக் கம்பியை ஓட்டி மறைத்தனர். விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் அந்த மடிப்புத் தட்டுப்படும். இப்பாத்திரத்தை உருக்கினால் கிடைப்பது பெரும்பாலும் செம்பே. ஆயினும் பழைய ஷெபீல்டுப் பாத்திரத்தைத் தேடி வாங்குவோர் உண்டு, உருக்குவோன் மூடன்.

1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். வெள்ளி உப்புக் கரைசலில் பாத்திரத்தைத் தொங்கவிட்டு மின்னோட்டம் பாய்ச்சினால் வெள்ளி வந்து படியும். அடியுலோகம் பெரும்பாலும் செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் கலந்தது; 'ஜெர்மன் சில்வர்' என்றும் 'நிக்கல் சில்வர்' என்றும் பெயர். பெயரில் வெள்ளி உண்டு. பொருளில் துளியும் இல்லை. 'இ.பி.என்.எஸ்.' என்னும் நான்கெழுத்து நிக்கல் சில்வரின் மேல் மின்முலாம் என்பதன் சுருக்கம். இந்த நான்கெழுத்தைத் தனித்தனிக் கேடயத்துக்குள், கோணல்மாணலான பழைய எழுத்தில் பொறித்தால் தூரத்துப் பார்வைக்கு ஹால்மார்க் வரிசை போலவே இருக்கும். செய்தவர்கள் அதை அறியாமல் செய்யவில்லை. துரைமார் விட்டுச்சென்ற சாமான்களில் இவ்வகை மிகுதி. அதன் மேற்பூச்சு தலைமயிரைவிட மெல்லியது. அதற்காக உருக்குவோர் விலை தருவதில்லை. 'ஏ1' என்ற குறி, வெள்ளியின் தரத்தையன்று, பூச்சின் கனத்தையே குறிக்கும்.

முத்திரையே இல்லாதிருந்தால்? உடனே பித்தளை என்று தள்ளிவிடுவது தவறு. மலாய்க் கைவினைஞரும் நீரிணைச் சீனர்க்கு வேலை செய்த கொல்லரும் வெள்ளிக் காசுகளை உருக்கி வெற்றிலைப் பெட்டியும் இடுப்புப்பட்டையும் செய்தனர். அவர்களுக்கும் லண்டன் மண்டபத்துக்கும் தொடர்பில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கான்டன் நகரக் கொல்லர் நல்ல வெள்ளியில் வேலை செய்து, ஆங்கில முத்திரை போன்ற போலிக் குறிகளை அடித்து விற்றனர். குறி பொய், வெள்ளி மெய்! சென்னையில் பி. ஓர் அண்டு சன்ஸ் கடையார் இந்துத் தெய்வ உருவங்கள் புடைத்த 'சுவாமி' வேலைப்பாட்டுப் பாத்திரங்களைச் செய்து தம் பெயரையே பொறித்தனர். இவையெல்லாம் உருக்கு விலைக்கு மேலான விலை பெறுவன.

குறி உதவாதபோது உலோகத்தையே கேட்க வேண்டும். காந்தம் ஓரளவே உதவும். ஒட்டினால் வெள்ளியன்று, ஒட்டாவிட்டால் ஒன்றும் விளங்காது, ஏனெனில் பித்தளையும் ஜெர்மன் சில்வரும் ஒட்டுவதில்லை. கறுப்பதும் சான்றன்று, பூசிய வெள்ளியும் கறுக்கும். ஆர்க்கிமிடீசின் வழி இவற்றினும் உறுதியானது. ஸ்டெர்லிங்கின் அடர்த்தி ஏறத்தாழ 10.4, ஜெர்மன் சில்வருக்கு 8.7. நூல் கட்டிய 300 கிராம் பொருளை நீரில் முழுக்கி நிறுத்தால் வெள்ளி 29 கிராம் அளவு எடை குறையும். மற்றது 34 கிராமுக்கு மேல் குறையும். உள்ளீடற்ற பொருளுக்கும் கட்டை பதித்த பொருளுக்கும் இது பொருந்தாது. அமிலச் சோதனையில், மறைவிடத்தில் அரத்தால் ஆழக் கீறி நைட்ரிக் அமிலத் துளியை இடுவர். பச்சை நுரை எழுந்தால் கீழுலோகம், பாலாடை நிறம் வந்தால் வெள்ளி. கீறல் ஆழமாயிராவிட்டால் பூச்சையே சோதித்ததாகும். அமிலம் கையைச் சுடும். நல்ல பாத்திரத்தில் வடுவையும் விடும். இதைத் தட்டாரிடம் விடுவதே அறிவு.

இனி எடை. வெள்ளியை விற்கும் அவுன்சு வேறு, அரிசி பருப்பு நிறுக்கும் அவுன்சு வேறு. முன்னது டிராய் அவுன்சு, 31.1 கிராம், பின்னது 28.35 கிராம். சமையற்கட்டுத் தராசில் நிறுத்து, டிராய் அவுன்சு விலையால் பெருக்கிக் கோட்டை கட்டியவர்கள் கடையில் ஏமாற்றப்பட்டதாக எண்ணிச் சினம் கொள்வதுண்டு. சரியான கணக்கு இது: 311 கிராம் ஸ்டெர்லிங் பத்து டிராய் அவுன்சு, அதில் தூய வெள்ளி ஒன்பதே கால் அவுன்சு. சந்தை விலை தூய வெள்ளிக்கே. அதிலும் உருக்குவோர் தம் கூலியையும் ஆதாயத்தையும் கழித்தே கொடுப்பர். கத்தியின் பிடி வெள்ளியாயினும் உள்ளே நிரப்பியது குங்கிலியம் போன்ற பிசினும் இரும்பு வாலுமே. மெழுகுவத்தித் தண்டும் அப்படியே. கையில் கனக்கும், உருக்கினால் மெல்லிய ஏடுதான். அடியில் 'நிரப்பியது' என்னும் பொருள்பட ஆங்கிலச் சொல் இருந்தால் எடையை நம்பலாகாது.

பழைய பாத்திரத்தின் அடியில் கூரூசியால் கீறிய எண்கள் சிலவேளை தெரியும். '24-10' என்றிருந்தால் 24 அவுன்சு 10 பென்னிவெயிட் என்று பொருள். வாங்கியவரோ கடைக்காரரோ எழுதிவைத்த அன்றைய எடை. இன்று நிறுத்துப் பார்த்தால் இருநூறாண்டுத் தேய்வால் சிறிது குறைந்திருக்கும். மிகக் குறைந்திருந்தால் ஏதோ வெட்டப்பட்டிருக்கிறது, அல்லது குலச்சின்னம் ஒன்று அரத்தால் அழிக்கப்பட்டிருக்கிறது. கூடியிருந்தால் பிறகு யாரோ மூக்கு வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய மதுக்குவளைகளுக்கு மூக்கு வைத்துக் கெண்டியாக்கினர். பழைய கரண்டிகளை அடித்து முள்கரண்டியாக்கினர், ஏனெனில் பழைய முள்கரண்டி அரிது. ஆறு கரண்டியிலும் முத்திரை இம்மி பிசகாமல் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இருந்தால், கையால் அடித்த முத்திரை அவ்வாறு அமையாது. ஒன்றை அச்சாக வைத்து மற்றவற்றை வார்த்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பின்னர்தான் உருக்கலாமா என்னும் கேள்வி. தேய்ந்து நெளிந்த, முத்திரை மழுங்கிய, இருபதாம் நூற்றாண்டின் சாதாரணக் கரண்டியை உருக்கினால் உலகுக்கு நட்டமில்லை. மற்றவற்றுக்கு உருக்கு விலை என்பது அடித்தளம். அதற்குக் கீழே விலை இறங்காது என்பது மட்டுமே அதன் பொருள். ஆனால் விலை திடீரென ஏறும்போது இந்தப் பகுத்தறிவு காற்றில் பறந்துவிடுகிறது. 1980 சனவரியில் வெள்ளி அவுன்சு 50 அமெரிக்க டாலரை எட்டியது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மக்கள் பாட்டிமார் கரண்டிகளைப் பையில் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாத்திரங்களும் அந்த உலைகளுக்குத் தப்பவில்லை. மார்ச் 27ஆம் நாள் விலை 11 டாலருக்குக் கீழே விழுந்தது. அவசரமாக உருக்கி விற்றவர்கள் பணத்தளவில் பிழைத்தவர்களே. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் போன பாத்திரம் போனதுதான். 2025 அக்டோபரில் அந்த விலையும் தாண்டப்பட்டபோது பழைய வரிசைகளைப் பலர் நினைவுகூர்ந்தனர்.

உலைக்குப் பாத்திரம் போவது 1980இல் தொடங்கிய வழக்கன்று. 1689இல் பிரான்சின் பதினான்காம் லூயி வெர்சாய் அரண்மனையின் வெள்ளி மேசை நாற்காலிகளையெல்லாம் போர்ச் செலவுக்கு உருக்கக் கொடுத்தார். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில், 1643இல், முதலாம் சார்லஸ் மன்னர் ஆக்ஸ்போர்டுக் கல்லூரிகளின் வெள்ளியைக் கேட்டார். இடைக்காலக் கிண்ணங்கள் பல அந்நகரில் அமைத்த அக்கசாலையில் காசாகிப் படைவீரர் கூலியாயின. கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் பழைய வெள்ளி எவ்வாறோ தப்பியது. அன்றைய கல்லூரிப் பாத்திரங்கள் எத்தகையன என்று இன்று காட்டுவது அதுவே. அதே போரில் 1645–46இல் முற்றுகையிடப்பட்ட நியூவார்க் நகரில் உருக்கக்கூட வசதியில்லை. வெள்ளித் தட்டுகளைச் சாய்சதுரத் துண்டுகளாகக் கத்தரித்து, ஒருபுறம் மகுடமும் பென்னிக் கணக்கும் மறுபுறம் ஊர்ப் பெயரும் ஆண்டும் அடித்துப் படைக்குக் கூலி கொடுத்தார்கள். அக்காசுகளில் பல எஞ்சியுள்ளன. சிலவற்றில், அச்சு சரியாக விழாத இடத்தில், பழைய தட்டின் வேலைப்பாட்டுச் சுவடு இன்றும் மங்கலாகத் தெரிகிறது.